தோளில் துப்பாக்கி, நெஞ்சில் பேஸ்மேக்கர்

(துப்பாக்கி உரிமதாரர்கள், ஆயுதம் ஏந்திய தனியார் பாதுகாவலர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் கிடையாது. அரசுச் சேவைகளை மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவதுதான் என் வேலை. அதனால் இன்றைக்கு நான் சொல்லப்போவது மருந்துச் சீட்டு இல்லை. உங்கள் இதய மருத்துவரிடம் நீங்கள் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும், எந்த அலுவலகத்தில் எதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த அரங்கில் மூன்று வகையான ஆட்கள் இருக்கிறீர்கள். வங்கி வாசலிலும் பணம் ஏற்றிப்போகும் வண்டியிலும் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கிற பாதுகாவலர்கள். இவர்களில் நிறையப் பேர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அடுத்து, தோட்டத்துக்கும் பயிருக்கும் பாதுகாப்புக்காக உரிமம் வாங்கி வைத்திருக்கிறவர்கள். மூன்றாவது, ரைபிள் கிளப்பில் பயிற்சி எடுக்கிறவர்கள். இந்த மூன்று வகையிலும் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள் கணிசமாக இருக்கிறீர்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைப்பதும், வால்வு மாற்றுவதும் அந்த வயதில் அதிகம் வருகிற சிகிச்சைகள். இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போது என்ன செய்வது? இதைப் பற்றித் தமிழில் யாரும் பெரிசா பேசினதில்லை. பேசாமல் இருப்பதால் என்ன நடக்கிறது தெரியுமா? ஆட்கள் மறைக்கிறார்கள். டாக்டரிடம் துப்பாக்கியை மறைக்கிறார்கள். வேலை கொடுத்தவரிடம் பேஸ்மேக்கரை மறைக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து.

பேஸ்மேக்கர் எங்கே இருக்கு?

பேஸ்மேக்கர் என்றதும் அது இதயத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கருவி இருப்பது தோள்பட்டைக்குப் பக்கத்தில். காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பை மாதிரி இடம் பண்ணி, அதில் வைக்கிறார்கள். எடை முப்பது கிராமுக்குள்தான் இருக்கும். அதிலிருந்து ஒன்றோ இரண்டோ மெல்லிய ஒயர்கள் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். இதயத் துடிப்பு மெதுவானால் அந்த ஒயர் வழியாக ஒரு சின்ன மின்துடிப்பு போகும். அவ்வளவுதான் அதன் வேலை.

உலகத்தில் முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் பொருத்தியது 1958 அக்டோபர் 8-ம் தேதி, ஸ்வீடன் நாட்டில். ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தினார்கள். அந்த முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. ஆனாலும் அவர் ஒன்று மாற்றி ஒன்று எனப் பல கருவிகளோடு 2001 வரைக்கும், 86 வயது வரைக்கும் வாழ்ந்தார். பேஸ்மேக்கர் வைத்துவிட்டால் மூலையில் உட்கார வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கையை எடுத்துக் காறை எலும்புக்குக் கீழே, தோள் பக்கமாக வைத்துப் பாருங்கள். துப்பாக்கியின் கட்டையை எங்கே முட்டுக் கொடுப்பீர்கள்? கிட்டத்தட்ட அதே இடம்தானே? பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது.

பின்னுதைப்பு: ஒரு சின்னக் கணக்கு

துப்பாக்கி பின்னால் உதைக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு உதைக்கும் என்று மட்டும் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

12 போர் தோட்டா ஒன்றில் 32 கிராம் ஈய ரவை இருக்கிறது, அது நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியின் எடை 3.2 கிலோ. ரவையின் எடை துப்பாக்கி எடையில் நூறில் ஒரு பங்கு. அப்படியானால் துப்பாக்கி, ரவையின் வேகத்தில் நூறில் ஒரு பங்கு வேகத்தில், அதாவது நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். மருந்து எரிந்து வெளியேறும் வாயுவின் தள்ளலையும் சேர்த்தால் இன்னும் கூடும். மணிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் வேகம். நல்லா மிதிச்சுப் போற சைக்கிளின் வேகத்தில் மூணு கிலோ மரமும் இரும்பும் வந்து, உள்ளங்கை அகலத்துக்கும் குறைவான இடத்தில் முட்டுகிறது. பயிற்சி நாளில் இதே இடத்தில் இருபது முறை, முப்பது முறை முட்டும்.

இப்போது ரைபிள் கிளப்பில் இருக்கும் .22 ரைபிளைப் பாருங்கள். குண்டு 2.6 கிராம், வேகம் நொடிக்கு 330 மீட்டர், ரைபிள் 4 கிலோ என்று எடுத்துக்கொண்டால், பின்னால் வருகிற வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர் சொச்சம். பத்து மீட்டர் போட்டிக்கான ஏர் ரைபிளில் இது இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். ஆகவே "துப்பாக்கி" என்று ஒரே வார்த்தையில் சொன்னால் டாக்டருக்குப் பாதிதான் புரியும். என்ன துப்பாக்கி, எந்தத் தோள், மாதத்துக்கு எத்தனை ரவுண்டு என்று சொல்ல வேண்டும். 12 போர் துப்பாக்கிக்கும் .315 ரைபிளுக்கும் ஒரு பதில் வரும். ஏர் ரைபிளுக்கு வேறு பதில் வரலாம்.

உதை நேரே கருவியின் மேல் விழுந்தால் என்ன ஆகும்? கருவியின் உலோகக் கூடு சாமானியத்தில் உடையாது. பலவீனமான இடம் ஒயர். திரும்பத் திரும்ப முட்டும்போது ஒயர் நசுங்கலாம், உள்ளே முறியலாம், மேலுறை விரிசல் விடலாம். புதிதாக வைத்த ஒயர் என்றால் இடம் மாறலாம். கருவிக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் தோல் நைந்து, புண்ணாகி, அதில் கிருமி தொற்றலாம். தொற்று உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் முழுக் கருவியையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டி வரும். துடிப்புக்கு முழுக்க முழுக்கப் பேஸ்மேக்கரையே நம்பியிருக்கிற ஒருவருக்கு ஒயர் முறிந்தால், அவர் அந்த இடத்திலேயே மயங்கி விழலாம். கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி இருக்கும்போது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம்

இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் வைக்கத் தேதி குறித்தவுடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்: "சார், நான் துப்பாக்கி பிடிக்கிற வேலையில் இருக்கேன். வலது தோளில் முட்டுக் கொடுத்துச் சுடுவேன்."

அவ்வளவுதான். பொதுவாக வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடது பக்கம்தான் கருவி வைப்பது வழக்கம். வலது தோளில் சுடுகிறவருக்கு அது தற்செயலாகவே நல்லதாகிவிடுகிறது. சிக்கல் யாருக்கு? இடது தோளில் சுடுகிறவர்களுக்கு. சிலர் எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கையில்தான். ஆனால் இடது கண்ணில்தான் குறி சரியாக வரும் என்பதால் இடது தோளில் சுடுவார்கள். மருத்துவமனைப் படிவத்தில் அவர் வலது கைக்காரர். டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நாம சொன்னாத்தான் தெரியும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு பக்கம் வைத்துவிட்டால் பெரும்பாலும் அதுவே நிரந்தரம். பேட்டரி தீர்ந்து சில ஆண்டுகள் கழித்துக் கருவியை மாற்றும்போது, பழைய ஒயர் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, அதே பையில்தான் புதுக் கருவியை வைப்பார்கள். அடுத்த முறை பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட முடியாது. சிலருக்கு மட்டும் ஒயரே இல்லாமல், தொடைப் பக்கத்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள்ளேயே வைக்கிற சிறிய பேஸ்மேக்கர் பொருந்தும். அதில் தோள் பிரச்சினையே கிடையாது. ஆனால் எல்லா நோய்க்கும் அது சரிப்படாது. கேட்டுப் பார்க்கலாம், முடிவு மருத்துவருடையது.

ஏற்கெனவே சுடுகிற பக்கமே வைத்தாயிற்று என்றால்? அந்தத் தோளில் நீளத் துப்பாக்கி வைக்காதீர்கள். மெத்தை வைத்த கட்டை உதையைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. அதை நம்பி அந்தத் தோளில் சுடக் கூடாது. தோளை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அது ஒரு நாளில் வராது. கண் பழக வேண்டும், கை பழக வேண்டும். பயிற்சியாளர் முன்னிலையில், முதலில் குண்டில்லாத துப்பாக்கியோடு, பிறகு ஏர் ரைபிளோடு பழகிய பிறகுதான் மற்றதெல்லாம். பிஸ்டல் என்றால் உதை கையிலும் மணிக்கட்டிலும் போய்விடும், தோளில் நேரே முட்டாது. கிளப்பில் சுடுகிறவர்களுக்கு அது ஒரு வழி. அதையும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

முதல் ஆறு வாரம்

பேஸ்மேக்கர் வைத்த பிறகு ஒயரின் நுனி இதயச் சுவரோடு பிடித்துக்கொள்ள நேரம் வேண்டும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் வரை அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்று சொல்வார்கள். இதில் நம்மாட்கள் ஒரு இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். "கருவி இடது பக்கம், நான் சுடுறது வலது தோள், அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். துப்பாக்கியின் முன்பாரத்தைத் தாங்குவது இடது கைதானே! நீட்டிய கையில் மூன்று கிலோவைத் தாங்கி நிற்பதும் அந்தப் பக்கத்து வேலைதான். ஆகவே எந்தப் பக்கம் வைத்திருந்தாலும், மருத்துவர் பரிசோதித்துச் சரி என்று சொல்லும்வரை துப்பாக்கி எடுக்க வேண்டாம். அதற்காகக் கையை அசைக்காமல் கட்டிப்போட்டு வைப்பதும் தப்பு. தோள் இறுகிப்போகும். தோள் மட்டத்துக்குக் கீழே சாதாரணமாக அசைக்கலாம்.

சுடாத நேரத்திலும் கவனிக்க வேண்டியவை

பாதுகாவலர் வேலையில் துப்பாக்கி வெடிக்கிற நேரம் மிகக் குறைவு. அதைச் சுமந்துகொண்டு நிற்கிற நேரம்தான் அதிகம். அதனால் சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்கிறேன்.

துப்பாக்கி வாரைக் கருவி இருக்கிற தோளில் மாட்டாதீர்கள். எட்டு மணி நேரம் வார் உரசினால் தோல் தாங்காது. தோட்டா வாரைக் குறுக்கே போடுகிறவர்களுக்கும் இதேதான்.

வாக்கி டாக்கியைச் சட்டையின் இடது மார்பில் கொக்கி போட்டு மாட்டுவது பல இடங்களில் பழக்கம். பேஸ்மேக்கர் இருப்பதும் அங்கேயே. ஒரு அடியாவது தள்ளி, இடுப்பில் எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். பதினைந்து சென்டிமீட்டர் தூரம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. பேசும்போதும் எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசலாம். காந்தம் வைத்த பெயர்ப் பட்டையும் வேண்டாம். ஊக்கு குத்துகிற பட்டை போதும்.

கையில் பிடித்துச் சோதிக்கும் மெட்டல் டிடெக்டரை வேலை நேரத்தில் அக்குளில் செருகிக்கொள்வது, மார்போடு அணைத்துக்கொள்வது கூடாது. வாசல் போல நிற்கும் மெட்டல் டிடெக்டர் வழியாக இயல்பாக நடந்து போகலாம். அதில் சாய்ந்து நிற்கக் கூடாது. இன்னொருவர் உங்களைச் சோதிக்கும்போது பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டி, கருவிமேல் டிடெக்டரை வைத்துக்கொண்டே நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சோதிக்கிற இடத்தில் வேறொருவர் அதே அட்டையை நீட்டினாலும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

பயிற்சி மைதானத்தில் காதுக் கவசம் கட்டாயம் போட வேண்டும். அதிலேயே மைக்கும் ஸ்பீக்கரும் வைத்த வகை இருக்கிறது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கும். காதில் இருக்கிறவரை தொந்தரவில்லை. கழற்றிக் கழுத்தில் தொங்கவிடும்போது அது சரியாகக் கருவிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கழற்றினால் மேசையில் வையுங்கள்.

ஐ.சி.டி. வைத்தவர்களுக்குத் தனியாக

பேஸ்மேக்கர் மாதிரியே இருக்கும் இன்னொரு கருவி ஐ.சி.டி. இதயம் உயிருக்கு ஆபத்தான வேகத்தில் தாறுமாறாகத் துடிக்கும்போது, உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்து அதை நேராக்குகிற கருவி. குதிரை உதைத்த மாதிரி இருந்தது என்று அனுபவித்தவர்கள் சொல்வார்கள். அந்த அதிர்ச்சி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வரும்போது உடம்பு தன்னையறியாமல் துள்ளும், விரல் இறுகும். சில சமயம் அதிர்ச்சிக்கு முன்னாலேயே நினைவு தப்பிவிடும்.

விரல் எங்கே இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பது வாடிக்கையாளராக இருக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கலாம். அதனால் ஐ.சி.டி. வைத்தவர்கள் இதய மருத்துவர் எழுத்துப்பூர்வமாக அனுமதி தராமல் குண்டு நிரப்பிய துப்பாக்கியைத் தொடவே கூடாது என்பதுதான் நேர்மையான பதில். சிலருக்கு அந்த அனுமதி கிடைக்காமலேயே போகலாம். கஷ்டமான விஷயம்தான். இருபது வருஷம் ராணுவத்தில் துப்பாக்கியோடு இருந்தவரிடம் அதைக் கீழே வைக்கச் சொல்வது சும்மா இல்லை. ஆனால் அதில் அவர் உயிர் மட்டும் இல்லையே.

அடிக்கடி தலைசுற்றல், மயக்கம் வருகிற யாருக்கும், கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதே பேச்சுதான்.

வால்வு மாற்றியவர்கள்

இப்போது செயற்கை வால்வு. நம் நாட்டில் சின்ன வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் பலருடைய வால்வைக் கெடுத்துவிடுகிறது. அதனால் இளவயதிலேயே வால்வு மாற்றியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நம் நாட்டிலேயே செய்கிற வால்வு என்பதால் விலையும் குறைந்தது.

வால்வு இருப்பது நெஞ்சின் நடுவில், ஆழத்தில். தோளில் விழும் உதை அதை நேராகப் போய் அடிக்காது. கவனிக்க வேண்டியது இரண்டு.

முதலாவது, நெஞ்செலும்பு. நெஞ்சைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் நடு எலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது சேர இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதற்குள் தோளில் வாங்கும் உதை நெஞ்செலும்பு வரைக்கும் போகும். இருமினாலே தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்கிற காலம் அது. அதில் 12 போர் எதற்கு?

இரண்டாவது, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை. உலோகமும் கார்பனும் கொண்டு செய்த வால்வு என்றால் ஆயுள் முழுக்க வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மாத்திரை உண்டு. திசு வால்வு என்றால் பலருக்குச் சில மாதத்தோடு நின்றுவிடலாம். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை காட்டும். உலோக வால்வுக்காரர்களுக்கு அது பொதுவாக 2-க்கும் 3.5-க்கும் நடுவில், வால்வு இருக்கும் இடத்துக்கு ஏற்ப மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவில் இருக்க வேண்டும். சாதாரண ஆளுக்குத் தோளில் ஒரு சின்னக் கன்றல் விழும் உதை, இவர்களுக்குக் கை முழுவதும் கருநீலமாகப் பரவலாம்.

இங்கே மூன்று தவறுகள் நடக்கின்றன. ஒன்று, "நாளைக்குப் பயிற்சி, ரத்தம் கட்டிக்கும்" என்று மாத்திரையை நிறுத்துவது. நிறுத்தவே கூடாது. வால்விலேயே ரத்தம் உறைந்து, வால்வு நின்றுபோகலாம், மூளைக்கும் போகலாம். இரண்டு, தோள் வலிக்கிறது என்று மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபன் வாங்கிப் போடுவது. அந்த மாத்திரைகள் இதோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு வரலாம். வலிக்கு எது போடலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, தலையில் பட்ட அடியைச் சும்மா விடுவது. ரைபிளில் தொலைநோக்கி மாட்டிச் சுடும்போது அது பின்னால் வந்து புருவத்தில் அடிப்பது உண்டு. இந்த மாத்திரை போடுகிறவருக்குத் தலையில் அடி என்றால், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிஸ்டலின் மேல்தகடு பெருவிரல் இடுக்கில் கிழிப்பது போன்ற சின்னக் காயத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி மூடுங்கள். செயற்கை வால்வில் கிருமி போய் உட்கார்ந்தால் அது பெரிய நோய். சில நாள் விடாமல் காய்ச்சல் இருந்தால், நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்காமல், "எனக்கு வால்வு மாற்றியிருக்கிறது" என்று சொல்லி மருத்துவரைப் பாருங்கள். பல் பிடுங்கப் போனாலும் இதைச் சொல்ல வேண்டும். சுட்டு முடித்த பிறகு கை கழுவாமல் சாப்பிடாதீர்கள். ரவையிலும் புகையிலும் ஈயம் இருக்கிறது.

வேலை போயிடுமே?

இந்தக் கேள்வி உங்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. ஐம்பத்தைந்து வயதுப் பாதுகாவலர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. ஏஜென்சிக்குச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, பத்தாம் நாளே துப்பாக்கியை மாட்டிக்கொண்டு நிற்கிறார். இவரைத் திட்டுவதில் பிரயோசனமில்லை. இவருக்கு என்ன வழி இருக்கிறது என்று சொல்வதுதான் எங்கள் வேலை.

முதல் வழி, ஓய்வு எடுக்கும் காலத்துக்கான வருமானம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பாதுகாவலர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார்கள். தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் சான்றளிக்கும் நோய்க்காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆறு வாரம் என்பது 42 நாள்தான். உங்கள் இ.எஸ்.ஐ. எண் என்ன, சந்தா ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்பதை இன்றைக்கே பாருங்கள். படுத்த பிறகு தேட வேண்டாம்.

இரண்டாவது, சிகிச்சைச் செலவு. ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர்களுக்கு இ.சி.எச்.எஸ். இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியான குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இதய சிகிச்சைகளும் அதில் அடக்கம். உங்கள் சிகிச்சை எந்த மருத்துவமனையில் வருகிறது என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

மூன்றாவது, ஒரு கடிதம். வெறுமனே "தகுதியுள்ளவர்", "தகுதியற்றவர்" என்று ஒற்றை வரியில் சான்று வாங்காதீர்கள். என்ன கருவி, எந்தப் பக்கம், எந்தத் தேதியில் வைத்தது, எந்தத் தோளில் துப்பாக்கி வைக்கலாம், எதைச் செய்யக் கூடாது, அடுத்த பரிசோதனை எப்போது என்று இதய மருத்துவரிடம் விவரமாகக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால் "இவருக்கு இதயத்தில் பிரச்சினை, வேண்டாம்" என்று வாய்ப்பேச்சில் ஒதுக்குவது கடினம். துப்பாக்கி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னாலும், ஆயுதமில்லாத பணிக்கு, கண்காணிப்புக் கேமரா அறைக்கு, மேற்பார்வைக்கு மாற்றிக் கேட்க அதே கடிதம் உதவும். ஏஜென்சி நடத்துகிறவர்களும் சிலர் இங்கே இருக்கிறீர்கள். தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான மத்திய மாதிரி விதிகளில் பாதுகாவலருக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை சொல்லப்பட்டிருக்கிறது. அதைக் கையெழுத்துச் சடங்காக நடத்தாதீர்கள். உண்மையைச் சொன்ன ஆளைத் தண்டித்தால், அடுத்த ஆள் மறைக்கத்தான் செய்வார்.

உரிமம் வைத்திருப்பவர்களுக்கு

ஆயுத விதிகள் 2016-ன்படி துப்பாக்கி உரிமத்துக்கு மருத்துவச் சான்று இணைக்க வேண்டும். உடல் தகுதியும் மனநலமும் இரண்டும் அதில் உண்டு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஐந்து வருஷத்தில் உடம்பு மாறிவிடும், காகிதம் மாறாது. அதனால் சான்று தரும் மருத்துவரிடம் கருவியையும், வால்வையும், போடுகிற மாத்திரையையும் சொல்லிவிட்டுச் சான்று வாங்குங்கள்.

கொஞ்ச காலம் துப்பாக்கியைப் பயன்படுத்த முடியாது என்றால், அதை வீட்டுச் சுவரில் தொங்கவிட வேண்டாம். காவல் நிலையத்திலோ, பாதுகாப்பாக வைக்க உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். தேர்தல் நேரத்தில் ஒப்படைப்பது உங்களுக்குப் பழக்கமானதுதானே. "அப்பாவுக்கு முடியலை, நான் எடுத்துட்டுப் போறேன்" என்று உரிமத்தில் பெயரில்லாத மகன் எடுத்துப் போவது குற்றம். சந்தேகம் இருந்தால் மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகத்தையும், மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகத்தையும் கேளுங்கள்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

சுடும்போதோ அதற்குப் பிறகோ தலைசுற்றல், கண் இருட்டுதல், நெஞ்சுவலி வந்தால் குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியை வைத்துவிட்டு உட்காருங்கள். கருவி வைத்த இடம் வீங்குவது, சிவப்பது, நீர் வடிவது, நெஞ்சுத் தசை தானாகத் துடிப்பது, விக்கல் நிற்காமல் வருவது எல்லாம் ஒயரையோ கருவியையோ பார்க்க வேண்டிய அறிகுறிகள். உலோக வால்வு வைத்தவர்களுக்கு ராத்திரி அமைதியில் "டிக் டிக்" என்று கேட்பது பழகியிருக்கும். அந்தச் சத்தம் மங்கி, மூச்சும் வாங்கினால் தாமதிக்கக் கூடாது. ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது என்றால் உடனே 108. மற்ற சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது.

தனியாகப் பயிற்சிக்குப் போகாதீர்கள். கூட நிற்கும் ஒருவருக்காவது உங்கள் நெஞ்சில் கருவி இருப்பது தெரிந்திருக்கட்டும். பேஸ்மேக்கர் அட்டை, வால்வு அட்டை, மாத்திரைப் பட்டியல் இவற்றை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். ஒரு படம் எடுத்து வீட்டில் இருப்பவர்களின் செல்போனிலும் போட்டு வையுங்கள்.

வெளியே மருத்துவக் காப்பீட்டுத் திட்ட மேசை போட்டிருக்கிறோம். இ.எஸ்.ஐ. சந்தேகங்களுக்குப் பக்கத்து மேசை. கருவி வைத்திருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டாம். அங்கே வந்து மெதுவாகச் சொல்லுங்கள், போதும். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.